முனியாண்டிக்கு ஊற்றிய அமரோனே

மலாய் நாட்டின் ஈப்போவில் இறங்கிய ஐந்தாவது நிமிடத்தில் முதல் அதிர்ச்சி. பேருந்து நிலையத்தில் பெட்டியை வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு குரல்: "அண்ணே, கொஞ்சம் தள்ளிக்குங்கலா, மோட்டார் போவணும்." கடல் கடந்து வந்து இறங்கியவனை முதலில் விரட்டியது தமிழில்தான். மனசுக்குள் இருந்த பயம் பாதி போய்விட்டது. ஆனால் அடுத்த நான்கு நாட்களில் அந்த ஊர் எனக்கு வைத்திருந்த அதிர்ச்சிகளோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை.

எனக்கு ஐம்பத்தெட்டு வயது. கம்பத்துக்குப் பக்கத்தில் மூன்று ஏக்கர் பன்னீர் திராட்சை. மகன் குமரன் இத்தாலியில் வெரோனா என்ற ஊருக்கு அருகே ஐந்து வருடமாக ஒரு பழக் கம்பெனியில் இருக்கிறான். அங்கே உணவகம் ஒன்றில் வேலை பார்த்த ஈப்போப் பெண் மலர்விழியை அவனுக்குப் பிடித்துவிட்டது. விசா முடிந்து அவள் ஊர் திரும்பிவிட்டாள். இவனுக்கு விடுப்பு இல்லை. "நீங்க போய்ப் பேசிட்டு வாங்கப்பா" என்றான். தோட்டத்தில் மருந்தடிக்கும் நேரம், இரண்டு பேரும் கிளம்பினால் பந்தல் பாழாகிவிடும் என்று என் மனைவி நின்றுகொண்டாள். ஆகவே வெற்றிலை பாக்கு, இரண்டு பட்டுப்புடவை, ஐந்து கிலோ அதிரசம் சகிதம் நான் தனியாக வந்து சேர்ந்தேன்.

ஊரைச் சுற்றிச் சுண்ணாம்பு மலைகள். எங்கள் ஊர் மலை தூரத்தில் நீலமாகப் படுத்திருக்கும். இங்கே மலைகள் தெருமுனையில் வந்து நிற்கின்றன, மாட்டைப் போல. மலர் சின்னக் காரில் வந்து அழைத்துப் போனாள். வீடு புந்தோங் என்ற பகுதியில். தெருவுக்குள் நுழையும்போதே கடலை வறுக்கும் வாசனை. வீட்டுக்கு வீடு முறுக்கும் பக்கோடாவும் போட்டு ஊரெல்லாம் அனுப்புகிறார்களாம். பக்கத்துத் தெருவில் எனக்கு ஓர் அறை பார்த்து வைத்திருந்தார்கள்.

மலரின் அம்மா பெயர் தெய்வானை. ரப்பர் தோட்டத்தில் பிறந்து, பால்மரம் வெட்டிப் பாலெடுத்து, இப்போது ஒரு பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் சமைக்கிறார். கணவர் இல்லை. "வாங்கண்ணே, பசியாறலாம்" என்று கூப்பிட்டதிலேயே எனக்கு அந்தக் குடும்பத்தைப் பிடித்துப்போனது. மீன் குழம்பு, நெத்திலி சம்பல், விரல் தடிமனுக்கு முளைவிட்ட பயறு. பயறு இவ்வளவு கொழுத்து நான் பார்த்ததில்லை. ஈப்போத் தண்ணியின் மகிமை என்றார்.

இரண்டாவது முறை சோறு வைக்கும்போது அவர் கேட்டார்.

"அண்ணே, தப்பா நினைக்காதீங்க. பையன் தண்ணி காய்ச்சுற எடத்துலதானே வேல செய்யிறாரு? அங்க குடிப் பழக்கம் ஒட்டிக்காதா?"

"தண்ணியா? இல்லம்மா, அது பழக் கம்பெனி" என்றேன், வாயில் சோற்றோடு.

மலர் கரண்டியைக் கீழே வைத்தாள். அம்மா அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஒயின் போடுற எடம்னு மலரு சொன்னுச்சே. அப்பாவுக்கே தெரியாதா?"

ஐந்து வருடமாக ஊரில் பார்க்கிறவனிடமெல்லாம் பழக் கம்பெனி, பழக் கம்பெனி என்று சொல்லித் திரிந்திருக்கிறேன். டீக்கடையில் சொன்னேன், உரக்கடையில் சொன்னேன், கோயில் கூட்டத்தில் மைக் பிடித்துக்கூடச் சொன்னேன்.

தெய்வானை என் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினார். "சாப்பிடுங்கண்ணே" என்றார். ஆனால் அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. அறைக்குத் திரும்பிக் குமரனை அழைத்தேன்.

"உங்க கம்பெனில என்னடா செய்றீங்க?"

"பழந்தாம்ப்பா" என்றான். பிறகு, "பழத்துலேருந்துதாம்ப்பா" என்றான். நான் போனை வைத்துவிட்டேன்.

மறுநாள் காலை மலர் வந்தாள். ஊர் திரும்பிவிடுகிறேன் என்று சொல்லத்தான் காத்திருந்தேன். அவளோ, "அங்கிள், ஒரு காப்பி மட்டும் குடிச்சிட்டுப் பேசலாம், வாங்க" என்று பழைய ஈப்போக் கடைத்தெருவுக்கு அழைத்துப் போனாள். சீனர் கடை. பளிங்கு மேசை. செயற்கை வெண்ணெயில் வறுத்த கொட்டையில் போடும் வெள்ளைக் காப்பி. வெள்ளை என்கிறார்கள், நிறம் என்னவோ எங்கள் ஊர்ச் செம்மண். பக்கத்து மேசையில் இரண்டு கிழவர்கள் உரக்கச் சண்டை போட்டார்கள். என்ன சொல்கிறார்கள் என்று மலரிடம் கேட்டேன். "இன்னைக்கு நான்தான் காசு கொடுப்பேன்னு ரெண்டு பேரும் அடிச்சிக்கிறாங்க" என்றாள். அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

அங்கிருந்து அவள் வேலை பார்க்கும் உணவகம் நாலு எட்டு. இன்னும் திறக்கவில்லை. உள்ளே உட்காரவைத்துவிட்டு, ஒரு பாட்டிலைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். கறுப்புக் கண்ணாடி, தடித்த அடிப்பாகம். பின்பக்கம் வெள்ளைத் தாள் ஒட்டி, பேனாவில் எழுதியிருந்தது. என் மகன் கையெழுத்து.

"அப்பாவுக்கு. இந்தப் பழத்தைப் பரப்பினது நான்."

"போன வருசம் நான் திரும்பி வாரப்போ குடுத்தாரு அங்கிள். அவரு அங்க போன மொத வருசத்துப் பழமாம். தைரியம் வந்தா அப்பாகிட்ட குடுப்பேன், அதுவரைக்கும் நீ வச்சிருன்னாரு. வீட்டுல வைக்க முடியாது, அம்மா விடமாட்டாங்க. அதான் இங்கயே கெடந்துச்சு."

நான் பாட்டிலைத் தொடவில்லை. மலர் போனில் படங்களைக் காட்டத் தொடங்கினாள். பார்க்க மாட்டேன் என்றுதான் தலையைத் திருப்பினேன். கண் அந்தப் பக்கமே போனது. முதல் படத்தில் பந்தல். எங்கள் ஊர்ப் பந்தலேதான். கல்தூணுக்குப் பதில் மரத்தூண், அவ்வளவுதான். கொடி தலைக்கு மேலே படர்ந்து, குலைகள் கீழே தொங்குகின்றன. இத்தாலிக்காரனும் கையை மேலே தூக்கித்தான் பழம் பறிக்கிறான்.

அடுத்த படத்தைப் பார்த்து நான் நிஜமாகவே எழுந்துவிட்டேன். பெரிய பரண். மூங்கில் தட்டுகள் அடுக்கடுக்காக. தட்டு முழுக்கக் குலைகள். அத்தனையும் வாடிச் சுருங்கிக் கிடக்கின்றன.

"என்னம்மா இது, பூரா அழுகவிட்டுட்டானுங்க!"

"அழுகல அங்கிள். வேணும்னேதான் வாட வைக்கிறாங்க. மூணு நாலு மாசம்."

எனக்குப் புரியவே இல்லை. எங்கள் ஊரில் பறித்த மறுநாள் காம்பு வாடினால் வியாபாரி கூடையைக் காலால் தள்ளிவிடுவான். ஒரு கூடை வாடினால் என் மனைவி இரண்டு நாள் சாப்பிடமாட்டாள். இங்கே ஒரு கம்பெனியே கூரைக்குக் கீழே உட்கார்ந்து பழம் வாடுவதைக் காவல் காக்கிறது! மலர் பொறுமையாகச் சொன்னாள். நல்ல குலையாகப் பொறுக்கி, ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்ப வேண்டும். சன்னலைத் திறந்து காற்று விட வேண்டும். பனி இறங்கினால் மூட வேண்டும். தினமும் நடந்து, பூசணம் பிடித்ததை எடுத்துப்போட வேண்டும். எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காற்றோடு போய்விடும். குளிர்காலத்தின் நடுவில்தான் பிழிவார்கள். பிறகு வருடக்கணக்கில் மரப்பீப்பாயில் உறங்கும்.

"அவரு வேல அந்தப் பரண்லதான் அங்கிள். பழத்த மோந்து பாத்தே எந்தத் தட்டுல பூசணம்னு சொல்லுவாராம். அங்க உள்ள கெழவருங்க அசந்து போய்ட்டாங்களாம். யாருகிட்ட கத்துக்கிட்டன்னு கேட்டாங்களாம்."

"என்ன சொன்னான்?"

"எங்கப்பான்னு."

நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பிறகு பேச்சை மாற்ற, பாட்டிலில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். அமரோனே. முன்காலத்தில் அந்தப் பக்கம் இதே வாடிய பழத்தில் இனிப்பான ஒயின்தான் போடுவார்களாம். எவனோ ஒரு பீப்பாயை மறந்துபோக, இனிப்பெல்லாம் தீர்ந்து கசந்துவிட்டதாம். கொட்டப் போனவன் குடித்துப் பார்த்தானாம். அமரோனே என்றால் பெரிய கசப்பு என்று பொருளாம். வாடவிட்ட பழம், மறந்துவிட்ட பீப்பாய், பேர் கசப்பு. இதையா உலகம் கொண்டாடுகிறது?

மூன்றாம் நாள் தெய்வானை என் அறைக்கே வந்துவிட்டார். கையில் ஒரு பொட்டலம் நாசி லெமாக். தேங்காய்ப்பால் சோற்றை நான் பிரிப்பதற்குள் சொல்லிவிட்டார்.

"அண்ணே, இது சரிவராது. உங்கமேல ஒரு குத்தமும் இல்ல."

"ஒயின்தானே காரணம்?"

"குடிக்கறதுக்கில்லண்ணே. தோட்டத்துல யாரு குடிக்கல? மலரோட அப்பா தண்ணிய விட்டுட்டேன்னு சாமிமேல சத்தியம் பண்ணாரு. நானும் நம்பிட்டேன். ரப்பர்ப் பால் ஸ்டோருக்குப் பின்னால புதர்ல ஒளிச்சு வச்சிக் குடிச்சிருக்காரு. எவனோ கலந்து வித்த சம்சுச் சாராயம். ஒளிச்சு வச்ச பாட்டில்ல என்ன இருக்குன்னு அவருக்கே தெரியல. ஒரே நாள்ல ரெண்டு கண்ணும் போச்சு. அப்புறம் அவரு வெட்டவேண்டிய மரத்தையும் நானே வெட்டுனேன், சாவுற வரைக்கும்."

தோட்டங்களில் கள்ளும் சம்சும் ஓடியது கேள்விப்பட்டதுதான். எதிரே உட்கார்ந்து ஒருவர் சொல்லும்போது அது வேறு.

"பெத்த அப்பாகிட்டயே அஞ்சு வருசம் ஒளிச்சவரு எம்மககிட்ட எத ஒளிக்க மாட்டாரு? நீங்களே சொல்லுங்க."

பொட்டலத்தை மடித்து ஓரமாக வைத்தேன்.

"நாளைக்கு நாங்க முன்ன இருந்த தோட்டத்துல முனியாண்டிக்குப் படையல் போடுறோம். கோலா கங்சார் பக்கம். வந்த மனுசர இப்படியே அனுப்பக்கூடாது. சாமி கும்பிட்டுட்டுப் போங்கண்ணே." வாசலில் நின்று, தயங்கி, இன்னொன்றும் சொன்னார். "வருசா வருசம் சாமிக்குக் கறுப்புப் பீருதான் ஊத்துவோம். இந்தவாட்டி அந்த இத்தாலித் தண்ணிய ஊத்திடலாமான்னு மலரு கேக்குது. இருந்தா யாராச்சும் குடிப்பாங்க. உங்களுக்குச் சம்மதமா?"

வீட்டில் சொட்டு மதுவை அனுமதிக்காத அம்மா, சாமிக்கு மட்டும் வருடம் தவறாமல் வாங்கி ஊற்றுகிறார்! அதைவிட, என் மகன் பரப்பிக் காத்த பழம் மண்ணுக்குப் போகப் போகிறது என்றதும் எனக்குள் சுருக்கென்று ஏதோ தைத்தது. அந்தப் பாட்டிலைத் தொட மறுத்தவன் நான்தான். தலையாட்டினேன்.

நான்காம் நாள் காலை கிளம்பினோம். மலர் ஓட்ட, பின்னிருக்கையில் நானும் தெய்வானையும், நடுவில் தேங்காய், சுருட்டு, எலுமிச்சை, துண்டில் சுற்றிய பாட்டில். டிக்கியில் படையல் சாமான்களும் ஒரு குடமும். பெரிய சாலையை விட்டிறங்கியதும் இரண்டு பக்கமும் செம்பனை, எண்ணெய் எடுக்கும் பனை. ரப்பர் மரம் எங்கே என்று தேடினேன். "எல்லாம் வெட்டிட்டாங்கண்ணே. ஜனங்களும் போய்ட்டாங்க. சாமி மட்டும்தான் அங்க இருக்காரு" என்றார். மண்பாதையில் கொஞ்ச தூரம் போனதும் காரின் முன்பக்கம் குபுகுபுவென்று ஆவி கிளம்பியது. வண்டி நின்றேவிட்டது. தண்ணீர் கொண்டுவருவதற்காக மலர் குடத்தோடு ஓடைப் பக்கம் போனாள்.

சாலையோரம் நாங்கள் இரண்டு பேர். கொசு. புழுக்கம். இதற்குமேல் மறைத்தால் நானும் ஒளித்தவன் ஆகிவிடுவேன் என்று பட்டது.

"தங்கச்சி, நேத்து ஒண்ணு கேட்டீங்க. பதில் சொல்றேன். எங்க பள்ளத்தாக்குல திராட்சை வாங்க ஒயின் கம்பெனிக்காரங்க வந்தாங்க. குமரன் அப்ப பன்னிரண்டாவது படிச்சான். அவன்தான் விலாசம் தேடி, கடுதாசி போட்டு வரவழைச்சான். எனக்கு நல்லது பண்றதா நினைச்சுக்கிட்டு. நான் அவங்க முன்னாடியே டீ டம்ளரைத் தூக்கி எறிஞ்சேன். குடிகாரன் வாய்க்காடா நான் கொடி வளர்க்கிறேன், நீ எனக்குப் பொறந்தவனான்னு கேட்டேன். அந்த வார்த்தையக் கேட்டேன் தங்கச்சி. அன்னைக்கு அவன் மூஞ்சி செத்துப்போச்சு. அவன் ஒளிச்சது உண்மைதான். எங்கிட்ட சொல்ல முடியாம வச்சது நான்."

தெய்வானை முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு பாதையையே பார்த்தார்.

தண்ணீர் ஊற்றியும் கார் அசையவில்லை. செம்பனைக் குலை ஏற்றப் போகும் காலி லாரி ஒன்று வந்தது. ஓட்டியவர் வயதான மலாய்க்காரர், தலையில் தொப்பி. எங்கே என்று கேட்டார். தெய்வானை மலாயில் சொன்னதை மலர் எனக்குச் சொன்னாள். "கோயிலுக்கு. ஆனால் எங்களிடம் சாமிக்கு வைத்த மது இருக்கிறது. உங்களுக்கு ஆகாதென்றால் நாங்கள் நடந்துகொள்கிறோம்." சொல்லாமல் துண்டுக்குள் மறைத்திருந்தால் அவருக்குத் தெரிந்திருக்கவே போவதில்லை. அந்த அம்மாளை வியந்து பார்த்தேன். லாரிக்காரர் வானத்தைப் பார்த்தார். "நானா குடிக்கப் போகிறேன்? பின்னால் ஏறுங்கள். மழை வருகிறது" என்றார்.

லாரியின் தகரத் தரையில், ஒவ்வொரு பள்ளத்துக்கும் எகிறி விழுந்தபடி, அந்தப் பாட்டிலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனவன் நான். எப்போது என் கைக்கு அது வந்தது என்றே தெரியவில்லை.

தொழிலாளர் வீடுகளின் பழைய லயம் இருந்த இடத்தில் புல். ஓர் அரசமரம், அடியில் சூலம், சிவப்புத் துணி, மீசை முறுக்கிய முனியாண்டி. தெய்வானை செருப்பை விட்டுவிட்டுக் காரியத்தில் இறங்கினார். சோறு, கருவாட்டுக் குழம்பு, அவித்த முட்டை, சுருட்டு எல்லாம் இலையில் ஏறின. சூடம் காட்டினார். பாட்டிலை நீட்டினேன். மலர் தன் கைப்பையிலிருந்து பாட்டில் திறக்கும் திருகி ஒன்றை எடுத்து, இரண்டு சுற்றில், சத்தமே இல்லாமல் தக்கையை உருவினாள். மகளின் கை வேலையை அம்மா இமைக்காமல் பார்த்தார்.

"கொஞ்ச நேரம் காத்தாட விடணும்மா, அப்பத்தான் வாசன..."

"சாமி காத்திருக்க மாட்டாரு, குடு."

பாட்டிலை வாங்கியவர் ஊற்றவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"அண்ணே, பையனுக்குப் போன் போடுங்க. சத்தமா வைங்க."

அங்கே விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். முதல் மணியிலேயே எடுத்தான். "அப்பா?"

"தம்பி, நான் மலரோட அம்மா பேசறேன். முனியாண்டி முன்னாடி நிக்கிறோம். உங்கப்பாவும் நிக்கிறாரு. நீங்க என்ன வேல செய்யிறீங்க?"

காற்றில் செம்பனை ஓலைகள் சரசரத்தன. பழம் என்று ஆரம்பித்தானானால் எல்லாம் முடிந்தது.

"ஒயின் போடுறேன் அத்தே" என்றான். குரல் உடைந்திருந்தது. "அப்பா, நான் ஒயின் போடுறேன்ப்பா. எனக்கு அந்த வேல ரொம்பப் பிடிச்சிருக்குப்பா."

"குடிப்பீங்களா?"

"ருசி பாப்பேன் அத்தே. துப்பிருவேன். விசேசத்துக்கு ஒரு கிளாஸ் குடிப்பேன். பொய் சொல்லல."

தெய்வானை சூலத்தடியில் ஊற்றினார். கறுஞ்சிவப்பு. மண் அதைச் சட்டென்று உறிஞ்சவில்லை, குழியில் கொஞ்சம் தேங்கி நின்றது. பாதிப் பாட்டிலில் நிறுத்தி, மீதியை எவர்சில்வர் டம்ளர்களில் வார்த்தார். "சாமிக்கு வச்சது. பிரசாதத்த வேணாங்கக் கூடாது" என்று எனக்கு ஒன்றை நீட்டினார். தானும் ஒரு சொட்டு விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். முகம் கோணியது. "ஐயே, இதுக்கா இத்தன வருசம்? பாவம் முனியாண்டி."

ஐம்பத்தெட்டு வயதில் முதல் முறையாக மது என் உதட்டில் பட்டது. பன்னீர் திராட்சையின் தித்திப்பைத்தான் நாக்கு எதிர்பார்த்தது. தித்திப்பே இல்லை. கசப்பு, உடனே ஒரு சூடு, தொண்டை வறண்டது. துப்பிவிடலாம் என்று நினைத்தபோது அடியிலிருந்து வேறொன்று வந்தது. வெயிலில் கிடந்த உலர்ந்த பழத்தோல், கொடியின் பட்டை, மழைக்கு முன் பந்தலுக்குள் எழும் வாசனை. திராட்சைதான். சந்தேகமே இல்லை. நாற்பது வருடம் கையாண்ட பழம், நான் அறியாத குரலில் பேசியது.

"அப்பா, இருக்கீங்களா?"

இருந்தேன். பேச ஆயிரம் இருந்தது. மன்னிப்பு கேட்க வேண்டும் என்று வாயைத் திறந்தேன். வந்ததோ வேறு.

"ஏண்டா, பரப்பி வச்சிருக்கறப்ப நாலு நாள் விடாம மழை பேஞ்சா என்னடா பண்ணுவீங்க?"

அந்தப் பக்கம் ஒரு விம்மல் கேட்டது. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொல்ல ஆரம்பித்தான். எந்தப் பக்கச் சன்னலை முதலில் மூட வேண்டும், எந்தத் தட்டை மேலே மாற்ற வேண்டும், காம்பைக் கிள்ளிப் பார்த்து ஈரம் எப்படிக் கண்டுபிடிப்பது. நான் குறுக்கே கேள்வி கேட்டேன், மறுத்தேன், அப்படிச் செய்தால் காம்பு கறுக்குமேடா என்றேன். கறுக்காதுப்பா, காற்று அடியிலிருந்தும் வரும் என்றான். தூறல் விழத் தொடங்கியது. நான் அரசமரத்தடிக்கு நகர்ந்து நின்று பேசிக்கொண்டே இருந்தேன்.

மலர் படையல் சோற்றைக் கிளறி, இலையில் வைத்துக்கொண்டு, என்னைச் சாப்பிடக் கூப்பிடலாமா என்று அம்மாவைப் பார்த்தாள்.

"இருக்கட்டும், கூப்பிடாத" என்றார் தெய்வானை. "மாப்பிளகூடப் பேசி முடிச்சிட்டு வரட்டும்."

மலரின் கையில் இருந்த இலை அப்படியே நின்றது.

"அம்மா, இப்ப என்ன சொன்னீங்க?"

"சோறு நனையுதுடி, மூடு" என்றார் அவர்.